செவ்வாய்ப் பள்ளத்துப் பொறுப்பாளர்

என் தங்கை புருஷனைப் பற்றி ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள். பேசட்டும், வாய் அவர்களுடையது. ஆனால் பேசுகிறவர்களில் ஒருத்தராவது அந்த உத்தரவைக் கண்ணால் பார்த்ததுண்டா? நான் பார்த்திருக்கிறேன். பார்த்ததென்ன, அதைத் தட்டச்சு செய்ததே நான்தான். நகராட்சி அலுவலகத்தில், பணியாளர் பிரிவில், இருபத்திரண்டு வருஷமாகத் தட்டச்சராக இருக்கிறேன். எத்தனையோ கூத்துகளை இந்த விரல்கள் அடித்திருக்கின்றன. இந்த மாதிரி ஒன்றை அடித்ததில்லை.

முதலில் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ‘நம்பர்’. சொத்துப் பதிவேட்டு எழுத்தர். நகராட்சிக்குச் சொந்தமான எல்லாவற்றின் மேலும் எண் எழுதுவது அவர் வேலை. தெருவிளக்குக் கம்பம், குழாயடி, பூங்கா பெஞ்சு, குப்பை வண்டி, சாக்கடை மூடி, ஏணி, மேஜை, மின்விசிறி, எதையும் விடமாட்டார். எண் வெட்டிய தகரத் தகடுகளைக் கம்பி வளையத்தில் கோர்த்துத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு கையில் வெள்ளைப் பெயின்ட் டப்பாவும் இன்னொரு கையில் பிரஷ்ஷுமாகக் காலையில் கிளம்பினால், சாயங்காலம் நகக்கண்ணெல்லாம் வெள்ளையாகத் திரும்பி வருவார். வந்ததும் பதிவேட்டில் ஏற்றவேண்டும். எண், இடம், வகை, நீளம், அகலம், ஆழம் அல்லது உயரம், நிலைமை, பொறுப்பாளர் பெயர், கடைசியில் ‘நேரில் பார்த்த தேதி’.

அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் மனுஷன் உயிரை வைத்திருந்தார். மற்ற ஊர்களில் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? போன வருஷத்துப் பதிவேட்டை அப்படியே இறக்கி எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவர் ஒரு சாக்கடை மூடிக்காக மழையில் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறார், தண்ணீர் வடிந்து மூடி கண்ணில் படட்டும் என்று. ஒருமுறை ஆணையரின் ஜீப்பையே ‘பழுது’ என்று எழுதிவிட்டார். ஆணையர் கூப்பிட்டுக் கத்தினார்.

“என்னய்யா பழுது? நான் தினமும் இதுலதானே வர்றேன்?”

“வர்றீங்க சார். பின்னாடி நாலு பேர் தள்ளிக்கிட்டு வர்றாங்க. அதையும் நேர்லதான் பாத்தேன்.”

இவருக்குத்தான் என் தங்கையைக் கொடுத்தோம். குடி கிடையாது, சீட்டு கிடையாது, பொய் கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். பொய்யே கிடையாது என்பது எவ்வளவு பெரிய தலைவலி என்று அப்போது எனக்கு யார் சொன்னார்கள்?

தங்கையும் எங்கள் துறையில்தான் வேலை. தண்ணீர்ப் பரிசோதகர். குழாய்த் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எவ்வளவு மஞ்சளாகிறது என்று பார்த்து எழுதவேண்டும். ஆனால் அவளுக்கு வேலை வேறு ஊரில். பஸ்ஸில் ஆறு மணி நேரம். எங்கள் ஊருக்குத் தண்ணீர் வெளியிலிருந்து, சோதித்த பிறகே வருவதால் இங்கே பரிசோதகர் பணியிடமே கிடையாது. அவள் ஊரிலோ, சொத்துப் பதிவேட்டு நாற்காலியில் ஒருத்தன் பசை போட்டு ஒட்டியது மாதிரி உட்கார்ந்திருந்தான். கல்யாணமாகி ஒன்பது வருஷம். ஒன்பது தடவை மாறுதல் கேட்டு மனுப் போட்டார்கள். ஒன்பது தடவையும் ‘காலியிடம் இல்லை’ என்று தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறுவார், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கிருந்து கிளம்பிவிடுவார். இதற்கிடையில் ஒரு பெண் குழந்தை பிறந்து, அதற்கும் ஏழு வயசாகிவிட்டது. அம்மாவோடு அங்கே வளர்ந்தது.

அவர்கள் கேட்டது மாடியா, மாளிகையா? மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கவேண்டும். அவ்வளவுதான். இதற்கு ஒன்பது வருஷம் இழுத்தடித்தால் எந்த அண்ணனுக்கு வயிறு எரியாது?

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. கிரகங்களில் உள்ள மலைக்கும் பள்ளத்துக்கும் பெயர் வைப்பதற்கென்றே உலகத்தில் ஒரு சபை இருக்கிறதாம். செவ்வாய்க் கிரகத்தில் உள்ள சின்னப் பள்ளங்களுக்குப் பூமியில் உள்ள சின்ன ஊர்களின் பெயரை வைப்பது அவர்கள் வழக்கமாம். எந்தக் காலத்திலோ ஒரு விண்கல் போய் மோதியதில் உண்டான ஒன்பது கிலோமீட்டர் அகலப் பள்ளத்துக்கு எங்கள் ஊர்ப் பெயரை வைத்திருக்கிறார்கள், அதில் முன்னொரு காலத்தில் தண்ணீர் தேங்கி நின்றிருக்கலாம் என்று கருதுகிறார்கள் என்று எழுதி, ஒரு படமும் இணைத்திருந்தது. பிசைந்த மாவில் யாரோ கட்டைவிரலை அழுத்தி எடுத்த மாதிரி இருந்தது படம். ஊரில் பாதிப் பேருக்குப் பெருமை. மீதிப் பேருக்கு, ‘சின்ன ஊர்’ என்று எழுதிவிட்டானே என்று கோபம்.

வேறு ஊராக இருந்தால் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டுச் சும்மா இருந்திருப்பார்கள். எங்கள் அலுவலகத்தில் அது முடியாது. ரொம்ப வருஷத்துக்கு முன்னால் பக்கத்து ஊர்க்காரர்கள் எங்கள் ரோடு ரோலரை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் ஊர்ப் பெயர் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தும், ‘உங்க பதிவேட்டுல காட்டுங்க’ என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார்கள். பதிவேட்டில் அது இல்லை. அன்று பட்ட சூட்டில் ஏற்பட்டது எங்கள் வழக்கம். ஊர்ப் பெயர் எதன் மேல் இருந்தாலும் முதலில் பதிவேட்டில் ஏற்று, எண் கொடு, பொறுப்பாளர் போடு, மற்றதை அப்புறம் யோசி. ஆகவே ஆணையர் கடிதத்தின் ஓரத்தில் பச்சை மையால் எழுதினார்: ‘பதிவேட்டில் ஏற்றவும். பொறுப்பாளர் நியமிக்கவும்.’

நம்பர் ஏற்றினார். எண் 4117. இடம், செவ்வாய்க் கிரகம். அகலம், கடிதத்தின்படி. வகை, ‘கடிதத்தின்படி முன்பு நீர்நிலை’. எண் எழுதப்பட்டதா என்ற கேள்விக்கு, ‘இல்லை, தூரம்’. நேரில் பார்த்த தேதிக் கட்டத்தை வெறுமையாக விட்டார்.

பொறுப்பாளர் யார் என்ற கேள்வி வந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஆமாம், யோசனை என்னுடையதுதான். திட்டுகிறவர்கள் என்னைத் திட்டலாம். எங்கள் துறையில் ‘வசதியற்ற இடம்’ என்று ஒரு விதி உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவன் எந்த ஊரைக் கேட்டாலும் கொடுக்கவேண்டும். அங்கே ஏற்கெனவே ஆள் இருந்தால் அந்த ஆளைத் தூக்கிவிட்டு இவனை உட்காரவைக்க வேண்டும். மாப்பிள்ளையைத் தேடி ஓடினேன். அவர் நகராட்சி நூலகத்தில் ஒரு ஏணிக்கு எண் போட்டுக்கொண்டிருந்தார்.

“மாப்ள, பெயின்ட்ட கீழ வைங்க. அந்தப் பள்ளத்துக்குப் பொறுப்பாளரா போறேன்னு எழுதிக் குடுங்க.”

“நான் அங்க போய் என்ன மச்சான் செய்ய?”

“யாருய்யா உங்கள போகச் சொன்னா? ஆர்டர் இருந்தா போதும். ரெண்டே வருஷம். அப்புறம் என் தங்கச்சி ஊரு உங்களுக்கு. அங்க ஒட்டிக்கிட்டு இருக்கானே ஒருத்தன், அவன நாற்காலியோட கிளப்பிடலாம்.”

அவர் பிரஷ்ஷைத் துணியில் துடைத்துக்கொண்டே யோசித்தார். “அது நெசமாவே வசதியில்லாத இடம்தானா?”

படிவத்தை அவர் முன்னால் விரித்தேன். ஏழு கேள்விகள். பஸ் உண்டா, மருத்துவமனை உண்டா, பள்ளிக்கூடம் உண்டா, குடிநீர் உண்டா, கடை உண்டா, தங்க வீடு உண்டா, தொலைபேசி உண்டா. நாலு ‘இல்லை’ வந்தால் வசதியற்ற இடம். அதுவரை எங்கள் துறையில் அதிகபட்சம் மலைமேல் உள்ள ஒரு பம்ப் அறைதான், அதற்கு ஐந்து ‘இல்லை’. பள்ளத்துக்கு ஏழுக்கு ஏழு விழுந்தது. நான் உற்சாகத்தில் கீழே எட்டாவதாகக் ‘காற்று இல்லை’ என்றும் சேர்த்து அடித்துவிட்டேன். “இதுல ஒண்ணுகூட பொய் இல்ல மச்சான்” என்று அவர் மூன்று தடவை சொல்லிச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். தலைமை அலுவலகம் ஒரே வாரத்தில் ஒப்புதல் தந்தது, உத்தரவை இங்கே நான் அடித்தேன். அங்கே விதியைப் பார்ப்பார்களே தவிர இடத்தைப் பார்க்கமாட்டார்கள்.

அடுத்த சிக்கல், பயண நாள். மாறுதலில் போகிறவருக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு நாள் பயண விடுப்பு. செவ்வாய் கிட்டே வரும்போதே ஐந்தரைக் கோடி கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தேன். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் நாள். கிட்டத்தட்ட முந்நூறு வருஷம் அவர் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வீட்டில் இருக்கலாம், ஒருத்தரும் கேட்கமுடியாது. ஆனால் பணியில் சேர்ந்த நாளிலிருந்துதான் இரண்டு வருஷக் கணக்கு ஆரம்பிக்கும். ‘விடுப்பு வேண்டாம், உடனே சேர்கிறேன்’ என்று எழுதிக் கொடுத்தார். முந்நூறு வருஷ விடுப்பை வேண்டாம் என்று சொன்ன ஒரே அரசு ஊழியர் உலகத்தில் என் மாப்பிள்ளையாகத்தான் இருக்கும்.

சேர்ந்த அறிக்கை எழுதும்போது நான் பக்கத்தில் இல்லை. அதுதான் நான் செய்த தப்பு. இருந்திருந்தால் கையைப் பிடித்திருப்பேன். அவர் இப்படி எழுதிக் கொடுத்துவிட்டார்: ‘உத்தரவின்படி, நகராட்சி அலுவலக மாடிப்படிக்கு அடியில் அமர்ந்து பணியில் சேர்ந்தேன்.’

மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, சுவரில் பள்ளத்தின் பெயர்ப் பலகை. குளிர்ப் பிரதேசத்துக்குப் போகிறவர்களுக்குக் கம்பளி கொடுக்கவேண்டும் என்று விதி. கொடுத்தார்கள். கொடுத்த பொருள் பயன்பாட்டில் இருக்கவேண்டும் என்று தணிக்கைக்காரர் சொல்லிவிட்டுப் போனார். நல்ல வெயில் காலத்தில் மடிமேல் கம்பளியைப் போட்டுக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருப்பார். பழைய வேலையையும் விடவில்லை. காலையில் கம்பங்களுக்கு எண், மத்தியானம் கிரகம். மாதாமாதம் அறிக்கை: ‘எண் 4117. நேரில் பார்க்கவில்லை. மாற்றம் உண்டா என்று சொல்ல இயலாது.’

ஆட்களும் வராமல் இல்லை. ஒருத்தர் வந்து பவ்யமாக நின்றார்.

“சார், அங்க ஒரு மனை கெடைக்குமா?”

“காத்து கிடையாதுங்க.”

“பரவாயில்ல சார். இப்ப இருக்கற வீட்டுலயும் காத்து வராது.”

இன்னொருத்தர் தன் பக்கத்து வீட்டுக்காரரை அங்கே குடியேற்ற மனுக் கொடுத்தார். நம்பர் இரண்டையும் வாங்கி, எண் போட்டு, பதில் எழுதினார். சிரிக்காமல் எழுதினார். எனக்குத்தான் தட்டச்சு இயந்திரத்தின் மேல் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

இரண்டு வருஷம் முடிந்தது. மறுநாளே மனுப் போட்டோம். தங்கை அங்கே வாடகை வீட்டுச் சொந்தக்காரரிடம் பெரிய வீடாகக் கேட்டுவைத்துவிட்டாள். பதில் வந்தபோது உறையைப் பிரித்தது நான்தான். ‘தாங்கள் மாடிப்படிக்கு அடியில் பணியாற்றியதாகத் தங்கள் அறிக்கையிலிருந்து தெரிகிறது. மாடிப்படி வசதியற்ற இடங்களில் அடங்காது. மேற்படி பள்ளத்தைத் தாங்கள் நேரில் பார்த்த தேதி பதிவேட்டில் காணப்படவில்லை. அத்தேதியைக் குறிப்பிட்டு அனுப்பினால் பரிசீலிக்கப்படும்.’

ஒரு தேதி. அவ்வளவுதான் கேட்டார்கள்! காலண்டரில் வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து இருக்கிறது.

“மாப்ள, எதாவது ஒரு தேதி எழுதுங்க. உங்க பொண்ணு பொறந்த நாள எழுதுங்க.”

“பாக்கலையே மச்சான்.”

“படம் பாத்தீங்கல்ல?”

“படம் வேற, பாக்கறது வேற. வாரா வாரம் போட்டோ மட்டும் அனுப்பி வச்சா உங்க தங்கச்சிக்குப் போதுமா?”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பெயின்ட் டப்பாவை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். ஆனாலும் விடவில்லை. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மொட்டைமாடியில் ஒரு தொலைநோக்கி வைத்திருந்தார். பொழுது சாய்ந்து வானம் லேசாக இருண்டதும் மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் குழாயை அப்படித் திருப்பி, இப்படித் திருப்பி, “இதோ செவ்வாய்” என்று ஒதுங்கினார். மாப்பிள்ளை கண்ணை வைத்தார். வைத்த கண்ணை எடுக்கவில்லை. கழுத்து வலித்திருக்கும். நான் மனசுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“தெரியுதா?”

“செவப்பா ஒரு புள்ளி தெரியுது.”

“அதான் பாத்தாச்சே! இன்னிக்குத் தேதிய எழுதுங்க.”

“புள்ளியத்தான் பாத்தேன். பள்ளத்தப் பாக்கல.”

கடைக்காரரைப் பார்த்தேன், ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று. அவரும் நேர்மையானவராகத் தொலைந்தார். “இந்தக் குழாய்க்கு அது தெரியாதுங்க. குழாய் இத விடப் பத்து மடங்கு பெருசா இருந்தாலும் தெரியாது” என்றார். இரண்டு பேரையும் அங்கேயே விட்டுவிட்டுத் தடதடவென்று படியிறங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் என் வீட்டிலிருந்து தங்கைக்குப் போன் போட்டேன். அவள் சொன்னாலாவது கேட்பார் என்று மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, சத்தம் வெளியே கேட்கும்படி வைத்தேன். நடந்ததை எல்லாம் அவள் கடைசிவரை கேட்டாள். அப்புறம் வெடித்தாள்.

“ஒரே ஒரு தேதி எழுதுனா நாம ஒரே வீட்டுல இருப்போம். பதினோரு வருஷமாச்சுங்க. புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா தனியா தூக்கிக்கிட்டு ஓடறேன். அந்தப் பதிவேடு எங்கள விடப் பெருசா உங்களுக்கு?”

“பெருசு இல்ல” என்றார் அவர். “ஆனா பாக்காத ஒண்ண பாத்தேன்னு எழுதிட்டா, அப்புறம் பாத்தேன்னு நான் எழுதுன எதையும் நானே நம்ப மாட்டேன். நீ சொல்லு. சோதிக்காமலே தண்ணி நல்லா இருக்குன்னு நீ ஒரு நாளாவது எழுதியிருக்கியா?”

எனக்கு என் தங்கையைத் தெரியும். ஊரே குடிக்கிற தண்ணீர் என்று ஒரு குழாய் விடாமல் நடந்து நடந்து சோதிப்பவள். “போன வைக்கிறேன்” என்று மட்டும் சொன்னாள். மாப்பிள்ளை முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி அழுதார். அவரைத் திட்ட வாயைத் திறந்தவன், திட்டமுடியாமல் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அடுத்த புதன்கிழமை காலை அலுவலகம் திறக்கும் நேரத்துக்குத் தங்கை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு பை. குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். புருஷன் குழாயடிகளைப் பார்க்கப் போயிருந்தார். அவள் அவரைத் தேடவே இல்லை.

“அண்ணே, அந்தப் பள்ளத்தோட பதிவேட்டுப் பக்கத்தக் காட்டுங்க.”

காட்டினேன். விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகப் படித்துக்கொண்டே போனவள், ‘முன்பு நீர்நிலை’ என்ற இடத்தில் நின்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“நீர்நிலைன்னு பதிவேட்டுல ஏறிட்டா, அதுக்கு ஒரு தண்ணிப் பரிசோதகர் இடம் தானா உண்டு. எங்க பிரிவு விதி அது. வத்திப்போன குளத்துக்குக்கூட இருக்கு. ரெண்டு வருஷமா இந்த இடம் காலியா கெடக்குண்ணே!”

“அடிப்பாவி” என்றேன்.

அன்றைக்கே அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு இரண்டு பேரும் தலைமை அலுவலகத்துக்கு ஓடினோம். அங்கே மாறுதல்களைப் பார்க்கிற அதிகாரி ஒரு அம்மாள். ஒன்பது தடவை ‘காலியிடம் இல்லை’ என்று கையெழுத்துப் போட்ட புண்ணியவதி அவர்தான். எதிரில் போய் நின்றதும் நான் மனுவை நீட்டினேன். தங்கைதான் பேசினாள்.

“என் வீட்டுக்காரர் இருக்கற இடத்துக்கு மாறுதல் கேட்டு வந்திருக்கேன் மேடம். அங்க பரிசோதகர் இடம் காலியா இருக்கு.”

அம்மாள் மனுவைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி படித்தார். “செவ்வாய்க்கா? அங்க போய் நீங்க என்னம்மா சோதிப்பீங்க?”

“தண்ணி இருந்தா சோதிப்பேன். இல்லன்னா என்ன உண்டோ அத எழுதுவேன்.”

“அது சரிம்மா. ஆனா உங்க வீட்டுக்காரரே அங்க இல்லையே. மாடிப்படிக்கு அடியில இருக்காருன்னு நாங்கதானே கடிதம் போட்டோம்?”

“போட்டீங்க. ஆனா அவரோட உத்தரவ ரத்து செய்யல. புருஷன் பொண்டாட்டி ஒரே இடத்துல இருக்கறதுக்கான விதியப் பாருங்க மேடம். அவர் எங்க உக்காந்திருக்காருன்னு அது கேக்கல. உத்தரவு எந்த இடத்துக்குன்னுதான் கேக்குது.”

அம்மாள் தடியான விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தி, ஆள்காட்டி விரலால் வரி வரியாகப் போனார். அப்புறம் உதவியாளரைக் கூப்பிட்டு, இந்த இடத்தை வேறு யாராவது கேட்டிருக்கிறார்களா, யாருடைய சிபாரிசாவது வந்திருக்கிறதா என்று விசாரித்தார். இல்லை என்று தெரிந்ததும் அவருக்கே ஆச்சரியம் தாங்கவில்லை.

“முப்பது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன்மா. ‘காலியிடம் உள்ளது’ன்னு நான் எழுதற முதல் கடிதம் இதுதான்.” பேனா மூடியைத் திறந்தவர், நிறுத்தி, தங்கையை ஒரு பார்வை பார்த்தார். “எத்தன வருஷமா தனித்தனியா இருக்கீங்க?”

“பதினொண்ணு.”

அம்மாள் கையெழுத்துப் போட்டு, முத்திரையை மையில் இரண்டு தடவை ஒற்றி, பலமாகக் குத்தினார்.

மாதம் பிறந்ததும் தங்கை மூட்டை முடிச்சோடும் குழந்தையோடும் வந்து இறங்கினாள். மாடிப்படிக்கு அடியில் இரண்டாவது நாற்காலியை நானே தூக்கிக்கொண்டு போய்ப் போட்டேன். கண்ணாடிக் குழாய்ப் பெட்டியை மேஜைமேல் வைத்தாள். அதைத் திறக்கக்கூட விடாமல் மாப்பிள்ளை அதன்மேல் எண் எழுதிவிட்டார். அவள் தன் முதல் அறிக்கையில் ‘தண்ணீர் இல்லை’ என்று எழுதி நீட்டினாள்.

“பாக்காம எப்படி இல்லைன்னு எழுதுன?” என்றார் அவர்.

“பின்ன? இருக்குன்னா எழுத முடியும்?”

“அதையும் எழுத முடியாது.”

“அப்ப என்னதாங்க எழுதச் சொல்றீங்க?”

அரைமணி நேரம் சண்டை. மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் படியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் ‘மாதிரி கிடைக்கவில்லை’ என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். பதினோரு வருஷத்தில் ஒரு வேலை நாளில் நேருக்கு நேர் அவர்கள் சண்டை போட்டது அதுதான் முதல் தடவை. நான் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, ஒன்றுமே அடிக்காமல், அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் புது வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். இரண்டு அறை, ஒரு சமையலறை. பாதிப் பெட்டிகள் இன்னும் பிரிக்காமல் கிடந்தன. சாப்பிட்டுவிட்டு நானும் மாப்பிள்ளையும் தரையில் காலை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தோம். தங்கை உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மணி நாலரை இருக்கும். குழந்தை உள் அறையிலிருந்து மாப்பிள்ளையின் பழைய பஸ் பையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தது. அவருடைய துண்டு, சவரப் பெட்டி, மாற்றுச் சட்டை எல்லாம் அதுவே மடித்து உள்ளே வைத்திருந்தது. பையை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, வாசலுக்குப் போய் அவர் செருப்பைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்தது.

“அப்பா, எந்திரிங்க. பஸ் போயிடும்.”

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. மாப்பிள்ளை பையைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார்.

“இன்னிக்கு பஸ் இல்லம்மா.”

“அப்போ நாளைக்கா?”

“நாளைக்கும் இல்ல.”

குழந்தை நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றது. “அப்ப எப்பதான் போவீங்க?”

அவர் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து சட்டையில் விழுந்தது. தங்கை ஈரக் கையோடு சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டாள். எனக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. குழந்தை எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தது. அப்புறம் பையைத் திறந்து, துண்டை எடுத்து, உள்ளே கொண்டுபோய்க் கொடியில் தன் பாவாடைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு விளையாடப் போய்விட்டது.